காவல் தலைவனைக் குத்திய என் அம்மாவுக்கு

அம்மா, என் தங்கமே,

நீ கண்ணை மூடிய பிறகு அந்த வீடியோ கேமை நான் தொடவே இல்லை. நேற்றுதான் போட்டேன். கடல் நடுவே கட்டிய அந்தப் பழைய நகரம், ஓட்டுக் கூரைகள், மணிக்கூண்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன.

ஆவடி பேக்டரியில் பட்டாளத்துச் சட்டை தைத்துவிட்டு வந்ததும், முகம்கூடக் கழுவாமல் விளையாட உட்கார்ந்துவிடுவாய். கூரை மேலேயே ஒளிந்து போ, சுலபமாக ஜெயிக்கலாம் என்பேன். நீயாவது கேட்பதாவது. நேராகத் தெருவில் இறங்கி, அந்த மீசைக்காரக் காவல் தலைவன் முன்னால் போய் நிற்பாய்.

"முதுகுல குத்தினா யாருன்னு அவனுக்குத் தெரியாதுடி. பாக்கட்டும்."

கத்தி அவன் தொண்டையில் இறங்கும். "சவுண்ட ஏத்து மஞ்சு" என்பாய்.

எனக்குக் காரணம் தெரியும். நாம் அப்போது இருந்த பேக்டரி குவார்ட்டர்ஸில் அப்பா பெல்ட்டைக் கழற்றும் முன் டிவி சத்தத்தை ஏற்றுவார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று. நீயும் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாய். ஏம்மா ஒருநாள்கூடக் கத்தவில்லை?

நாம் விட்டுவந்த அப்பா போன ஞாயிறு வந்தார். நீ உழைத்து வாங்கிய இந்த முகப்பேர் வீட்டில் குடியேற, துணிப்பையோடு.

"என் பொண்டாட்டி ஊடு. நவுரு."

"எங்கம்மா ஊடு. நீ கெளம்பு."

அறைந்தார். கண்ணில் பூச்சி பறந்தது. சட்டையைப் பிடித்து அவரைச் சுவரில் அடித்தேன், மறுபடியும் அடித்தேன். அவர் உதடு கிழிந்து பல் விழுந்தது. கீழே விழுந்தவரையும் விலாவில் உதைத்தேன். அந்த ஆள் கத்தவில்லை அம்மா. துண்டை வாயில் அடைத்துக்கொண்டார், உன்னை மாதிரியே. அப்போதுதான் என் கால் நின்றது.

கேமில் செத்தவன் உடம்பு தானே மறைந்துவிடும். இங்கே எதிர்வீட்டு அக்கா அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். படிக்கட்டு ரத்தத்தை நான்தான் துடைத்தேன். அடிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா?

நேற்று கேமில் அந்த மீசைக்காரன் முன்னால் போய் நின்றேன். கை வரவில்லை. அவன்தான் என்னைக் குத்தினான்.

மறுபடி வருவேன் என்று அப்பா போனில் மிரட்டுகிறார். பூட்டை மாற்றிவிட்டேன், ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் வீட்டுக்குள் அவர் கால் வைக்க மாட்டார். இது சத்தியம். இனிக் கை ஓங்க மாட்டேன் என்றும் சத்தியம் செய்யத்தான் உட்கார்ந்தேன். அது எழுத வரவில்லை அம்மா. முயற்சி பண்ணுகிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

உன் மகள், அந்த ஆளுக்கும் மகள்,
மஞ்சு