லீவு கேட்கவில்லை

தீபாவளி. சீகிரியா.

ஹோட்டலில் இன்று வெளிநாட்டு விருந்தினருக்காக இலையுதிர்கால விழா. காலையில் அவர்கள் வழக்கப்படி பூசணிக்காய்களில் கண்ணும் பல்லும் வெட்டினோம். பிறகு நம் பண்டிகையைக் காட்ட, ஒரு வெள்ளைக்காரக் கிழவியைப் பலகையில் உட்கார வைத்து உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்தேன். அவள் கண்ணை மூடிச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது மாத்தளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மா போன் எடுத்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா லீவு குடுக்காத மேனேஜரு வெளங்குவானா? எண்ணெய் வைக்காம குளிக்காத புள்ள. பெரியவங்க யாராச்சும் இருந்தா வைக்கச் சொல்லு."

மேனேஜர் நல்ல மனிதர். லீவு நான் கேட்கவே இல்லை. விழாவில் நிற்க ஆசைப்பட்டு நானே பெயர் கொடுத்தேன். அம்மாவிடம்தான் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தேன்.

அங்கே வயதில் பெரியவள் அந்தக் கிழவி மட்டும்தான். அவள் முன்னால் தலையைக் குனிந்தேன். விளையாட்டென்று நினைத்து, கண்ணில் வழியும் அளவுக்கு ஊற்றினாள்.

மாலையில் அம்மா மறுபடியும் போன் எடுத்தாள்.

"யாரு வச்சாங்க?"

"இங்க தங்கியிருக்கிற ஒரு அம்மா."

"மவராசி, நல்லா இருக்கட்டும். கால்ல விழுந்து கும்பிட்டியா?"

விழுந்தேன் என்று அதற்கும் பொய் சொன்னேன்.