ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

என் அம்மாவுக்கு,

ஃபோனில் சொன்னால் தாத்தா காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

அவருக்கு இன்று ஊசி போடவில்லை. அவருடைய ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து, தேய்ந்த இடுப்பில் செலுத்துவதாக இருந்தார்களே, அது தள்ளிப்போய்விட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே வலி மாத்திரை கூடாது. ரத்தம் செய்யும் வேலையை அது கெடுத்துவிடுமாம். இருந்த மாத்திரைகளை எல்லாம் நான் ஒளித்துவைத்தேன். தாத்தா சட்டைப்பையில் ஒன்றைப் பதுக்கியிருக்கிறார்.

"எப்பப் போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை. வெளியூர்ல வேலை பாக்குற பொண்ணு அன்னைக்குத்தான் வீடியோவுல வருவா. படுத்துக்கிட்டே பேசினா பயந்துடுவா, டாக்டர்."

"நல்லா உட்கார்ந்தீங்க, போங்க! இப்ப நான் ஊசியோட நிக்கிறேன்."

தாத்தா சிரிக்கவில்லை.

நீ பார்க்கிற நாற்காலித் தாத்தா அந்த அரைமணி நேரம் மட்டும்தான், அம்மா. மற்ற நேரமெல்லாம் கட்டில். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படிக்கிறேன். வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது, படிக்க வசதிதான்.

ஊசி போட்டாலும் குணமாகும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஆனாலும் போட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? அடுத்த முறை பேசும்போது, "படுத்துக்கிட்டே பேசுங்கப்பா" என்று நீயே முதலில் சொல்லிவிடு. நான் சொன்னால் கேட்கமாட்டார்.

ஃபோனை அவர் முகத்துக்கு மேலே நான் பிடித்துக்கொள்கிறேன். நான் உனக்குத் தெரியமாட்டேன், பரவாயில்லை. எனக்குக் கை வலிக்காது. நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு.

உன் மகள்