மூன்று முறை இழுத்த கயிறு

14 டிசம்பர் 2003, ஞாயிறு

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புப் பாறையில் சித்தப்பா எனக்கு மலையேற்றம் கற்றுக்கொடுத்தார். என் இடுப்பில் கட்டிய கயிறு உச்சியில் ஒரு வளையம் வழியாகக் கீழே இறங்கும்; அங்கே அதைப் பிடிப்பவர் இழுத்துக் காட்டிய பிறகுதான் நான் ஏற வேண்டும். கயிறு இழுபட்டது. ஏறினேன். பாதியில் கால் வழுக்கியது, கயிறு தாங்கியது.

உச்சியிலிருந்து பார்த்தால் கீழே யாருமில்லை. கயிற்றின் மறுமுனை மணலில் கிடந்தது. சித்தப்பா தூரத்தில், சாலையோரம், யாரோ கொடுத்த பழைய கம்பளிகளை வாங்கிக்கொண்டிருந்தார். போன வருடம் இமயமலையில் விழுந்து இறந்த அவர் நண்பர் நோர்புவின் கிராமத்துக்காகச் சேர்க்கிறார்.

ஓடி வந்தார். "நான் வர்றதுக்குள்ள ஏன்டி ஏறுன?"

"நீங்கதான இழுத்தீங்க?"

"எத்தினி வாட்டி?"

"மூணு."

அவர் முகம் வெளுத்தது. "நான் ரெண்டு வாட்டிதான் இழுப்பேன். மூணு அவன் பழக்கம்."

நோர்பு போனபின், இனி மலையேறுவதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தார். கம்பளிகள் லாரியில் போவதாக இருந்தது. இரவு சாப்பிடும்போது, "நானே எடுத்துனு போறேன் அண்ணி. மேலயும் ஏறிப் பாத்துட்டு வரேன். அவன் அங்கதான் கீறான்" என்றார். அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

நான் இரண்டு என்று சொல்லியிருக்கலாம்.