நீ நடிக்கவில்லை, அக்கா

அக்கா, போன வாரம் விளக்கெண்ணெய் வாங்கிவந்தேன், என் மகளுக்கு. ஒன்பது வயதாகிறது, விடிந்தால் வயிற்று வலி என்கிறாள். அப்பா செய்வதுபோலவே பால் விடாத கோப்பியில் ஊற்றிக் கலக்கினேன். அந்த வாடை மூக்கில் ஏறும்போதே என் வாய், "நடிக்காத, குடி!" என்று கத்தியது. குரல்கூட அப்பாவுடையதுதான். திடுக்கிட்டுக் கோப்பையைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். வாடை இன்னும் சமையலறையை விட்டுப் போகவில்லை.

சின்ன வயதில் நாம் இருந்த சுங்கை பினாங் அடுக்குமாடியில் அப்பாவின் மோட்டார் கீழே வந்து நிற்கும். கதவில் சாவி நுழையுமுன் உன் கை வயிற்றுக்குப் போய்விடும். அன்று எதற்குக் கத்துவார், எந்தத் தட்டு பறக்கும், நமக்குத் தெரியாது. நீ சுருண்டு படுத்தால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், வயிற்றைக் கழுவிவிடுவது. ஒருநாள் கோப்பையும் கையுமாக என் பக்கம் திரும்பினார்.

"டேய், இவளுக்கு நெசமாவே வலிக்குதா?"

ஆமாம் என்றால், இருவரும் ஒரே சோற்றைத் தின்றவர்கள் என்று எனக்கும் ஒரு கோப்பை வரும். "நடிக்கிறாப்பா" என்றேன். நடித்ததற்குத் தண்டனையாக நீ இரண்டு கோப்பை குடித்தாய். அப்புறம் என்னிடம், "விடுலா தம்பி. இல்லன்னா உனக்கும் ஊத்தியிருப்பாரு" என்றாய். அன்று என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம் நீ. நான் தப்பித்திருப்பேன்.

வளர்ந்து செபராங் ஜெயாவில் வேலைக்குப் போனாய். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் கழித்தும் மேலாளர் குரலை உயர்த்தினால் உனக்கு வயிறு பிசையும். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். "குடல்ல ஒண்ணுமே இல்லையாம்டா" என்று சொல்லி அழுதாய். நல்ல செய்திக்கு யாராவது அழுவார்களா என்று நான் கிண்டல் வேறு செய்தேன். போன வருடம் ஒரு காய்ச்சல் உன்னை நான்கே நாளில் கொண்டுபோய்விட்டது. மன்னிப்புக் கேட்க எனக்கு நாற்பது வருடம் போதவில்லை.

கோப்பையைக் கொட்டிய மறுநாள் மகளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் சின்ன வயதுத் தமிழ்ப் பெண். எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை நடிக்கலண்ணே. மூளையும் குடலும் ஓயாம பேசிக்கும், செரோட்டோனின் மாதிரி ரசாயனம் வழியா. பயந்து பயந்து வளந்தா சில பிள்ளைங்களுக்கு அந்தப் பேச்சே மாறிடும். குடல் சும்மா அசைஞ்சாகூட வலியா தெரியும். ஸ்கேன்ல ஒண்ணும் இருக்காது, ஆனா வலி நெசம்."

பிறகு மெதுவாக, "வீட்டுல யாராச்சும் கத்துவாங்களா?" என்றார். மகள் தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றேன்.

அப்பாவிடமிருந்து ஓடி ஓடி, கடைசியில் அப்பாவாகவே வந்து நிற்கிறேன் அக்கா. இந்த உடம்பை விட்டு எங்கே ஓடுவது? வேலை முடிந்து வந்தால் மாடி ஏறப் பயந்து காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் சாவி போடுவதில்லை. என் வீட்டுக் கதவை நானே தட்டிவிட்டுக் காத்திருக்கிறேன். நேற்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா, கோவமா?"

"இல்லம்மா. வயிறு வலிக்குதா?"

"கொஞ்சம்."

"அப்பா நம்புறேன்மா."

உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது. கதவு திறந்தது. அவளுடைய ஒரு கை தாழ்ப்பாளில் இருந்தது. மற்றது இன்னும் வயிற்றின்மேல்தான் இருந்தது, அக்கா.