கலப்பில்லாத படிகம் பேசிய மூன்று வாரங்கள்

மேடம்,

நேற்று மருமகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வந்தாள். பெட்டியைத் திறந்ததும் உள்ளே மடித்திருந்த பட்டர் பேப்பர் விரலில் பட்டது. அந்த வழவழப்பில் உங்கள் நினைவு வந்துவிட்டது. தின்னாமல் மூடி வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். எனக்கு இப்போது எழுத வரும் மேடம். மருமகள் சொல்லிக்கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. ஒரு பத்தி எழுதினால் தோள் இற்றுப்போகிறது. படுத்து எழுந்துதான் அடுத்ததைத் தொடங்குகிறேன். ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் சிரிப்பு வருகிறது.

மில் வேலை போன பிறகு, எட்டாவது வரை படித்ததாகச் சொல்லித்தான் கல்லூரியில் உங்கள் ஆய்வகத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. நான் ராஜபாளையத்திலிருந்து வருவேன், நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து. யார் முதலில் வந்தாலும் மற்றவர் வரும்வரை லேசரைப் போடுவதில்லை.

படிகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத காந்தங்கள் கோடிக்கணக்கில் உண்டு என்றீர்கள். நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அவை தாமாகத் தடுமாறிக்கொண்டே இருக்குமாம். ஊடே போகும் லேசர் ஒளி அந்தத் தடுமாற்றத்தில் துளியூண்டு திரும்பும். அந்த இரைச்சலைத்தான் மணிக்கணக்கில் சேர்த்துச் சேர்த்துத் திரையில் ஒரு மேடாக்குவீர்கள். காந்தப்புலத்தைக் கூட்டினால் மேடு நகர வேண்டும். நகராவிட்டால் அது பம்பு சத்தமோ செல்போன் சத்தமோ, படிகத்தின் பேச்சு இல்லை. ஸ்பின் நாய்ஸ் என்று அதற்குப் பெயர். மில்லில் மெஷினை நிறுத்தாமலே சத்தத்தைக் கேட்டு எங்கே கோளாறு என்று நாங்கள் சொல்லுவோம் என்றேன். “அதேதான் அண்ணாச்சி, தொந்தரவு பண்ணாம கேக்கணும்” என்றீர்கள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வருடம் உங்களிடம் இரண்டு படிகங்கள் இருந்தன. ஒன்றில் காந்த அணுக்களைத் துளி கலந்திருந்தார்கள். மற்றது கலப்பில்லாதது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே கற்கண்டுத் துண்டு மாதிரி இருக்கும். பட்டர் பேப்பரில் மடித்து, தாளில் பெயர் எழுதி, தனித்தனி நிற டப்பாவில் வைத்திருந்தீர்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் நான் எல்லாவற்றையும் துடைத்தேன். டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து சந்தனம், குங்குமம் வைத்தேன். தாள்கள் அழுக்காக இருந்தன. சாமிக்கு வைக்கிற பொருளுக்கு அழுக்குத் தாளா என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் மடித்தேன். எழுத்தும் எனக்கு அழுக்குப் போலத்தான் இருந்தது. எது எந்த டப்பா என்று ஒரு நொடி சந்தேகம் வந்தது. குத்துமதிப்பாக வைத்துவிட்டேன். புதுத் தாள் போட்டிருக்கிறேன் என்றதும் நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள்.

மூன்று வாரம் கழித்து, திரையைக் காட்டி என்னைக் கூப்பிட்டீர்கள். கலப்பில்லாத படிகம் பேசுகிறது, மேடும் ஒழுங்காக நகர்கிறது, ஏன் என்று எவருக்கும் தெரியாது, அடுத்த வாரம் கட்டுரையை அனுப்பப் போகிறேன் என்றீர்கள். உங்களை அவ்வளவு மலர்ச்சியாக நான் பார்த்ததில்லை. அன்று டப்பா மாற்றி வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் பொய் வெளியே வரும். இரண்டு வருடச் சர்வீஸ் போகும். சொல்லாவிட்டால் உங்கள் பெயர் போகும்.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் சொல்லிவிட்டேன். உங்கள் பஸ் வந்து போனது, நீங்கள் ஏறவில்லை.

“படிக்கத் தெரியாதுங்கிறத இம்புட்டு நாளா எப்படி மறைச்சீக?” என்று கேட்டீர்கள்.

“பொட்டி கலரு, பாட்டில் மூடி, இப்பிடி எதையாச்சும் அடையாளம் வச்சுக்கிருவேன் மேடம். தாளு ரெண்டும் வெள்ளை.”

சிரித்துவிட்டீர்கள். கண்ணையும் துடைத்துக்கொண்டீர்கள். “தாள்ல எழுத்து இல்லன்னு பாத்ததுமே நான் கேட்டிருக்கணும். இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்” என்றீர்கள்.

மறுநாள் துறைக் கூட்டத்தில், “தாள் மாத்தும்போது நான்தான் மாத்தி மடிச்சுட்டேன்” என்று பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள். பக்கத்து அறை சார், “பலசரக்குக் கடையில கூட மல்லியும் சீரகமும் மாறாதே மேடம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீ கொடுத்துக்கொண்டிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தீர்கள். ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

இந்த வருட ஆயுத பூஜைக்கு ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். உங்கள் அறையில் இப்போது இருக்கிற சார், புதிதாக வந்த பிள்ளைகளிடம் கவனமாக இருக்கச் சொன்னார். முன்னே இங்கே ஒரு மேடம் கலப்பில்லாத படிகம் பேசுதுன்னு மூன்று வாரம் நம்பினார் என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் கண்ணை மூடி நான்கு வருடம் ஆகிறது. அந்தச் சிரிப்பு மட்டும் அங்கேயே இருக்கிறது. பொரிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. எத்தனையோ பாரம் தூக்கியிருக்கிறேன் மேடம். இது ஒன்றுதான் இறக்கி வைக்க இடமில்லாமல் கூடவே வருகிறது. நம் இரண்டு பேரோடு போகட்டும் என்றீர்கள். உங்கள் பேச்சை மீறுகிறேன், மன்னியுங்கள். திங்கட்கிழமை இந்த மடலை நகல் எடுத்து அந்த சாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அவர் அவசரத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் கண்ணில் படட்டும் என்று, கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், மூன்று தடவை எழுதிப் பழகி எழுதுகிறேன்:

படிகங்களை மாற்றி வைத்தவன் நான். மேடம் இல்லை.