புளி போட்டுத் துலக்கிய முகங்கள்

கோலசிலாங்கூர். மார்ச் 28, சனிக்கிழமை, காலை 9.40. நாணயங்கள் மொத்தம் 38. பச்சைப் பொடி கக்குபவை 17. முகம் அடையாளம் தெரிகிறவை 11.

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்பை முதலிலேயே எழுதிவிட்டேன். கீழே அது அதிகம் இருக்காது.

நாளை குருத்தோலை ஞாயிறு. நீங்கள் இல்லாத முதல் பெரிய வாரம். எட்டு மணிக்கே உங்கள் தங்கை லூர்து அத்தை ஈஜோக்கிலிருந்து மோட்டாரில் வந்து இறங்கிவிட்டார். கையில் பிளாஸ்டிக் பேசின். அதில் ஊறிய புளி, மேலே ஒரு கைப்பிடி கல்லுப்பு. கோயில் குத்துவிளக்கும் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபமும் துலக்குகிற அதே பேசின்.

"அண்ணன் காசையும் கொண்டாடா. வருஷா வருஷம் இதோடதானே தேய்ப்பாரு."

நான் காசு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், மற்றவர்களும் வாசிக்கட்டும். எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய ஆள் நீங்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பைசாந்தியப் பேரரசின் செப்புக் காசுகளைத் தேடித் தேடி வாங்கினீர்கள். ஒரு பக்கம் ஒளிவட்டத்தோடு கிறிஸ்துவின் முகம். மறுபக்கம் "இயேசு கிறிஸ்து, அரசர்க்கெல்லாம் அரசர்" என்ற எழுத்து. அச்சடித்த பேரரசனின் பெயர் எங்கும் இல்லை. அது உங்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கும்தான். உங்களிடம் சொன்னதில்லை.

பெரிய வெள்ளியன்று அவற்றைத் தட்டில் பரப்பிச் சிலுவையின் காலடியில் வைப்பீர்கள். பழைய எஸ்டேட் சனம் முழுக்க சிலுவையை முத்தி செய்துவிட்டு, குனிந்து காசுகளையும் முத்தமிடும். அதற்கு அவை பளபளக்க வேண்டும். அதற்குத்தான் புளி.

நான் சுங்கை சோவில் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். எது அரிப்பு, எது காப்பு என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. செம்பின் மேல் காலம் காலமாகப் படிந்த கரும்பச்சைப் படலம்தான் முகத்தைக் காப்பாற்றுகிறது. புளி அதைத் தின்னும். கல்லுப்பு உள்ளே இறங்கும், நம்ம ஊர் ஈரக்காற்றில் உள்ளிருந்தே அரித்துப் பச்சைப் பொடியாகக் கக்கவைக்கும்; செம்புக்கு அது நோய். போன வருடம் இதை உங்களிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. கோயில் வாசலில், எல்லார் முன்னாலும்.

"ஆண்டவர் மூஞ்ச அழிச்சிட்டு நிக்கிறீங்கப்பா. மூக்கே இல்ல, பாருங்க லா."

"ஆண்டவர் மூஞ்சில அழுக்கோட பண்டிகை கொண்டாடச் சொல்றியா? ஒனக்கு மிசின் தெரியும். ஆண்டவரத் தெரியாது. போடா."

அதன் பிறகு சாகும்வரை ஏழு மாதம் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினீர்கள். "வெளிய போறப்ப கேட்டப் பூட்டிட்டுப் போ." மகனிடம் விட்டுப்போகிற பேச்சா அது?

இன்று அத்தையும் விடவில்லை.

"அண்ணன் செத்தும் ஒனக்கு ஆத்திரம் அடங்கலையா?"

"அடங்கல, அத்தை. உப்பு இன்னும் உள்ள வேலை செய்யுது."

"பெரிய டாக்டரு! காசுக்கு வியாதியாம். அப்ப இந்தப் புளிய என்ன செய்ய, ரசம் வைக்கவா?"

"வைங்க. அதுக்குத்தான் புளி."

அடுப்படியிலிருந்து அம்மா கத்தினார்: "உங்கப்பாகிட்ட முடிக்காத சண்டைய அவகிட்ட முடிக்காத!"

நான் வாயால் பேசுவதை விட்டேன். முந்தாநாள் டப்பாவிலிருந்து ஒரு காசை எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைத்திருந்தேன். அந்த நீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன். பால் போல வெளுத்தது. "இது கல்லுப்பு, அத்தை. உங்க பேசின்லேர்ந்து போனது. பச்ச கக்குறது மொத்தம் பதினேழு."

அத்தை குனிந்து பார்த்தார். "அப்ப பதினேழும் நாங்க தேய்ச்சுக் கெடுத்ததா?"

இல்லை. எட்டுதான். மிச்சம் ஒன்பது, நான்.

சண்டைக்கு அடுத்த வாரம் மென்மையான பிளாஸ்டிக் பைகள் வைத்த ஆல்பம் ஒன்றை வாங்கி உங்கள் மேசையில் போட்டுவிட்டுப் போனேன், ஒரு வார்த்தை சொல்லாமல். அந்த மாதிரிப் பிளாஸ்டிக் வெப்பத்தில் வியர்க்கும். அதில் வருகிற அமிலம் செம்பை அரிக்கும். உலோகம் படித்தவன் பையைச் சோதிக்கவில்லை. இப்போது பார்த்தால் அதில் இருந்த ஒன்பதும் பச்சையாகப் பிசுபிசுக்கிறது.

நீங்கள் ஏன் அதில் போட்டீர்கள்? என் முகத்தைப் பார்க்காத ஆள், நான் வாங்கிய ஆல்பத்தில் மட்டும் ஏன் ஒவ்வொன்றாகச் செருகி வைத்தீர்கள்? இதற்கும் உங்கள் மேல்தான் கோபம் வருகிறது. அந்த ஒரு தடவையாவது நான் சொன்னதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அத்தையிடம் ஒப்புக்கொண்டேன். அவர் பேசினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "அப்ப அப்பனும் மவனும் சேர்ந்துதான் ஆண்டவர அரிச்சிருக்கீங்க. நல்ல குடும்பம்லா!" விளக்குத் துலக்கக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

இனி நான் செய்யப் போவது:

1. பதினேழையும் இன்றே பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் போடுவேன். வெளுப்பு நிற்கும்வரை வாராவாரம் நீரை மாற்றுவேன். மாதக்கணக்கில் ஆகலாம்.

2. ஆல்பம் குப்பைக்கு. யார் வாங்கியது என்று கோயிலில் கேட்டால், நான்தான் என்பேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்; உங்களை வாசலில் வைத்துப் பேசியவன் நான்.

3. பெரிய வெள்ளிக்குத் தட்டு உண்டு. நோய் இல்லாத இருபத்தொன்று மட்டும், துலக்காமல், எப்படி இருக்கிறதோ அப்படியே. மேலே கண்ணாடி. சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும்.

4. அன்று முழுக்கத் தட்டின் பக்கத்திலேயே நிற்பேன். மனந்திரும்பிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடியை யாரும் தூக்கக் கூடாது.

5. மூக்குப் போன முகங்களையும் விற்க மாட்டேன், எறிய மாட்டேன். மிச்சமிருப்பது என் கையில் இனி அழியாது. இது வாக்கு. நீங்கள் கேட்கவில்லை, நானாகத் தருகிறேன்.

கோபம் தீராத உங்கள் மகன்,
சேவியர்