நாரத்தைத் தோப்பில் மிஞ்சிய ஒரு சொல்

திரு நிறைக. கருநீராற்றின் கீழ்க்கரை முழுதும் தழையாலும் தண்ணிழலாலும் காத்தருளும் தழையூர் நாட்டுப் பேரரசி, மழைக்குடையாள் அல்லியங்கோதையார் திருமுன்பு, மேல்கரை வெண்மணல் நாட்டு வேந்தர் ஆழிமாறரின் ஆணைப்படி, அவர்தம் ஓலைநாயகம் மருதங்கிழான் விடுக்கும் நன்றி ஓலை. தங்கள் காடு செழித்திருக்க. தங்கள் குடி பசியாதிருக்க. தங்கள் யானைகள் எங்கள் கரும்புக் கொல்லையை மறந்திருக்க.

இவ்வோலையைத் தங்கள் கையில் தருபவள் தங்கள் குடிமகள், தேன் விற்கும் கொற்றி. அவள் தலை அவள் கழுத்தின் மேலேயே இருப்பதைக் கண்டு தாங்கள் மகிழ்வீர்கள். அதற்கு மருதங்கிழானின் அறிவு காரணமன்று என்பதை விளக்கவே இத்தனை நீளம்.

முடிசூட்டு விழாவுக்கு மட்டுமே இலை பறிக்கும் எங்கள் நாரத்தைத் தோப்பு ஒருநாள் விடிந்தபோது மொட்டையாக நின்றது. ஒரு மரத்தடியில் கொற்றி உறங்கிக் கிடந்தாள். அவளுடைய தேன்குடத்தின் வாயை மூடியிருந்ததும் நாரத்தை இலை. தோப்பை அழித்தவருக்குத் தலை இல்லை என்பது எங்கள் பழைய சட்டம். அவையில் கேட்டபோது அவள் சொன்னதை மெருகு பூசாமல் எழுதுகிறோம்: “நாலு எல பறிச்சேன், அது உண்மைதான். மிச்சத்தையெல்லாம் மேய எனக்கென்ன ஆட்டு வயிறா?” அவை சிரித்தது. எல்லாரிலும் உரக்கச் சிரித்தவன் மருதங்கிழான். சிரித்து முடித்ததும், சட்டம் சட்டம்தான் என்று வேந்தருக்கு எடுத்துரைத்தவனும் அவனே. பொழுது சாயுமுன் ஆணை ஓலை சிறைக்குச் சேர வேண்டும் என்று வேந்தர் பணித்தார்.

நாட்டின் ஓலைகளுக்கெல்லாம் நாயகனானவனிடம் அன்று வேகவைத்து உலர்த்திய ஓலை ஒன்றுகூட இல்லை. அவசரத்தில் தோப்போரத்துப் பனங்கன்றில் பச்சை ஓலை ஒன்றை நறுக்கி, “காவலர் வாழ்க. தேன் விற்கும் கொற்றியின் தலையை இன்றே கொய்க” என்று எழுத்தாணியால் கீறினான். பிறகு உண்டான். உண்டபின், குற்றம் நடந்த இடத்தைக் காவல் செய்வதாகச் சொல்லி மரத்தடியில் சாய்ந்தான். அவன் குறட்டையே அந்தக் காவல்.

கண் விழித்தபோது ஆணை நடந்துகொண்டிருந்தது. ‘தலை’யைக் குடைபோல் தூக்கிப் பிடித்தபடி ஓர் எறும்பு முன்னே போயிற்று, ‘கொய்க’வை இரண்டு எறும்புகள் பங்கிட்டுக்கொண்டு பின்னே போயின. அவற்றின் பக்கத்திலேயே வேறொரு வரிசை, நாரத்தை இலைத் துண்டுகளைச் சுமந்து வந்து அதே வழியில் சேர்ந்தது. மருதங்கிழான் நாலு காலில் பின்தொடர்ந்தான். தொந்தி தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. ஆற்றங்கரையில் வீடளவு புற்று. அதன் வாயில் எங்கள் தோப்பு வரிசையாக நுழைந்துகொண்டிருந்தது.

கையில் மிஞ்சிய துணுக்குடன் அவன் அரண்மனைக்கு ஓடி, கண்டதைச் சொன்னான். அதில் இருந்தது ‘வாழ்க’ என்ற ஒரே சொல். வேந்தர் அதை வாசித்தார். ஓலைநாயகத்தின் முழங்கால் மண்ணையும் பார்த்தார். அவன் எழுதியவற்றுள் இதுவே பிழையற்றது என்று அருளி, அத்துணுக்கின்மேல் இலச்சினை பொறித்தார். சிறைக்கதவு திறந்தது. மருதங்கிழான் தலைகுனிந்து எல்லாம் விளக்கியபோது கொற்றி கேட்டாள்: “நான் சொன்னா ஏறல, எறும்பு சொன்னாத்தான் ஏறுதா ஐயா?”

இலைவெட்டி எறும்புகளை அறிந்து வருக என்று வேந்தர் அவனை அனுப்பியபோது, பேரரசியாராகிய தாங்கள் படகும் சோறும் தந்து தங்கள் காட்டைத் திறந்துவிட்டீர்கள். தங்கள் குடிமகளைக் கொல்ல எழுதிய கைக்கே தங்கள் அடுக்களை மும்முறை பரிமாறியது. கண்டதைச் சொல்கிறோம். எங்கள் புல்வெளியில் வாழ்பவை புல்லை மட்டுமே வெட்டுகின்றன. தங்கள் காட்டினுள் முதுகெல்லாம் முள்ளோடு சிறு புற்றுகளில் வாழ்பவை அகன்ற இலையையே நாடுகின்றன. ஆற்றோரப் புற்றில் வாழும் பெருந்தலை எறும்போ இரண்டையும் விடுவதில்லை. பனையும் நாரத்தையும் ஒன்றுதான் அதற்கு. தெற்கே குளிர்மலை ஏறினால் ஒன்றும் இல்லை. அப்பால் எத்தனை இனமோ, அறியோம். வெட்டிய இலையை இவை உண்பதுமில்லை. மென்று எருவாக்கி, நிலத்தடியில் வெண்பூஞ்சை பயிரிட்டு அதையே உண்கின்றன. முதல் மழையில் இளவரசி எறும்பு அப்பயிரின் துளியை வாயில் அடக்கி ஆற்றைத் தாண்டிப் பறக்கிறாள். அதனால் ஒரே இனம் இருகரையிலும் குடியிருக்கிறது. எல்லைக்கல் எதையும் அவள் மதித்ததாகத் தெரியவில்லை. வாய் திறவாமல் பறப்பது எத்துணை நற்செயல் என்று மருதங்கிழான் அவளைக் கண்டு தெரிந்துகொண்டான்.

ஆதலால் இருகரைக் காவலரும் அறிக: ஆற்றங்கரைப் புற்றை எவரும் இடிக்கலாகாது. அதன் பங்காக ஆண்டுதோறும் ஒரு வரிசை நாரத்தை நடப்படும். கொற்றியின் கழுத்தில் தொங்கும் ‘வாழ்க’ என்னும் துணுக்கே அவளுக்கு வழிச்சீட்டு. அவள் தேனுக்குச் சுங்கம் கேட்கலாகாது. நாலு இலையும் அவளுக்கு எந்நாளும் உரியவை. தோப்பின் பழைய சட்டம் இன்றோடு ஒழிந்தது.

இவ்வோலை வேகவைத்து, உலர்த்தி, மஞ்சள் பூசியது. வலக்கோடியில் மட்டும் ஒரு பச்சைத் துண்டைத் தைத்திருக்கிறோம். அது குறைந்து வந்தால் ஓலை கொணர்ந்தவளை ஐயுற வேண்டா. எடுத்தவர்க்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஆழிமாறர் இலச்சினை. இது எழுதினேன் ஓலைநாயகம் மருதங்கிழான், இம்முறை உறங்காமல்.